தெரியாது என்று நான் சொன்ன பாஷை

சாமி,

இது உனக்கு நான் எழுதும் ஐந்தாவது கடிதம். முதல் நாலிலும் மழை, மாடு, கடலைக்காய் விளைச்சல், உன் அம்மாவின் முட்டி வலி என்று பக்கத்தை நிரப்பிவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே கையெழுத்துப் போட்டேன். இதில் மழையைப் பற்றி ஒன்றும் இருக்காது. நடந்துகொண்டே காகிதம் படிக்கிற பழக்கம் உனக்கு. இதை மட்டும் ஓரிடத்தில் உட்கார்ந்து படி. நடந்ததையெல்லாம் முதலில் வேறு காகிதத்தில் எழுதி அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, அப்புறம்தான் இதைத் திருப்பி எழுதுகிறேன். அவள் பாட்டுக்குப் பருத்தி கொட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

யுத்தம் முடிந்துவிட்டது, தை மாசத்துக்குள் அனுப்பிவிடுவார்கள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். ராசிபுரம் பக்கத்துப் பெண்ணைப் பற்றி நாங்கள் எழுதியதற்கு, உங்களுக்குச் சம்மதமானால் எனக்கும் சம்மதம் என்று எழுதியிருந்தாய். அதற்கப்புறம் கடைசியில், மை மாறி, தனியாக ஒரு வரி. "பெண் வீட்டில் என்னை ஸ்டோர் ரைட்டர் என்றே சொல்லிவையுங்கள் அப்பா, மற்றதை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்." அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத் தோட்டத்துக் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்தேன். கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கிற ஆள் வந்து மாட்டை அவிழ்க்கட்டுங்களா என்று மூன்று தடவை கேட்டானாம். எனக்குக் காதில் விழவில்லை.

நீ ரைட்டர் இல்லை. ஆபீசர்கள் மெஸ்ஸில் தட்டுக் கழுவுகிறாய். எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. போன வருஷம் அம்மாவுக்கு எழுதியபோது, விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து வெடிக்கிறது, விளக்கெண்ணெய் அனுப்பு என்று கேட்டாயே, அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. வடக்கே குளிர் அப்படி என்று சொல்லிக்கொண்டே அம்மா எண்ணெய் காய்ச்சினாள். குளிரில் உதடு வெடிக்கும், குதிகால் வெடிக்கும். விரல் இடுக்கு வெடிப்பது சோடா உப்புத் தண்ணீரில். காலையில் இருந்து அந்தி வரைக்கும் அதில் கை ஊறினால் முதலில் வெளுக்கும், அப்புறம் அரிக்கும், பத்தாம் நாள் உரியும். பேனா பிடிக்கிறவனுக்கு அது வராது. தெரிந்தும் ஒரு வருஷம் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நீ திருப்பிக் கேட்பாய். அந்தப் பயம் எனக்கு.

இப்போது சொல்கிறேன். முதல் யுத்தத்தில் நான் பெங்களூர் கிடங்கில் எழுத்து வேலை பார்த்ததாக உனக்கும் ஊருக்கும் சொன்னது அத்தனையும் பொய். பத்தொன்பது வயதில் என் அப்பாவோடு சண்டை. கிடாச் சண்டைக்கு என்று நான் வளர்த்த கிடாயை அவர் கோயிலுக்கு வெட்டிவிட்டார். அதற்குக் கோபித்துக்கொண்டு ரயில் ஏறினவன் பெங்களூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற இடத்தில் போய் நின்றேன். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும் என்று பெருமையாகச் சொன்னேன். இந்துஸ்தானி தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். கப்பலில் ஏற்றி பஸ்ராவில் இறக்கி, ஆபீசர்கள் மெஸ்ஸில் மசால்ச்சி என்று போட்டார்கள். தட்டுக் கழுவுகிறவனுக்கு அங்கே அதுதான் பெயர் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டில் ஆண் பிள்ளை சாப்பிட்ட இலையைத் தன் கையால் எடுத்ததில்லை. அந்த வீட்டுப் பையன் மூன்று வருஷம் பிறத்தியார் எச்சிலை, அதிலும் என்னென்ன கறியின் கொழுப்பை, மணலும் சாம்பலும் சோடா உப்பும் போட்டுத் தேய்த்தேன். முதல் வாரம் சாப்பாடு தங்கவில்லை. இரண்டாவது மாசம் பழகிவிட்டது. பழகியதுதான் எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

அந்த மூன்று வருஷத்தில் இந்துஸ்தானி வந்துவிட்டது. முதலில் ஏவல்கள்தான் வந்தன, கொண்டா, கழுவு, சீக்கிரம், நாயே. அப்புறம் மெஸ்ஸின் தலைமைச் சமையல்காரர், லக்னோ பக்கத்துக் கிழவர், எனக்குக் காய்ச்சல் கண்டபோது கஞ்சி ஊட்டிக்கொண்டே தன் ஊர்க் கதையெல்லாம் சொன்னார். அவரிடம் அந்தப் பாஷையில் கேலி பேசக் கற்றேன், சண்டை போடக் கற்றேன், விடுகதை போடக் கற்றேன். கப்பலில் திரும்பி வரும்போது என்னைத் தமிழன் என்று பக்கத்தில் இருந்தவன் நம்பவில்லை. அவ்வளவு நன்றாகத் தெரியும், சாமி. இந்த வரியை எழுதத்தான் இத்தனை வருஷம் ஆயிற்று.

திரும்பி வந்தபோது சேலம் சூரமங்கலம் ஸ்டேஷனில் இறங்குவதற்கு முன்னாலேயே மெஸ்ஸில் கொடுத்த வெள்ளை அங்கியை ஜன்னல் வழியாக வீசிவிட்டேன். பம்பாயில் வாங்கின காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, சட்டைப் பையில் ஒரு பேனாவைக் குத்திக்கொண்டு ஊருக்குள் வந்தேன். கடலே தாண்டவில்லை, பெங்களூரில் ரைட்டர் என்றேன். அங்கே எல்லாம் தமிழும் இங்கிலீஷும்தான் என்றும் சேர்த்துக்கொண்டேன். இந்துஸ்தானி வாயில் வந்தால் எங்கே கற்றாய் என்று கேட்பார்கள், ஒன்றைப் பிடித்து இழுத்தால் எல்லாம் வரும் என்று அப்போதே கணக்குப் போட்டுவிட்டேன். ரைட்டர் மாப்பிள்ளை என்றுதான் உன் அம்மாவைக் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணத்தன்று உன் தாத்தா என் பேனாவை வாங்கிப் பார்த்து, மாப்பிள்ளை எழுதினால் முத்து முத்தாக இருக்குமாம் என்று நாலு பேரிடம் காட்டினார். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

உனக்குப் பன்னிரண்டு வயதில் உன் சின்ன அத்தை கல்யாணத்தில் நான் உன்னை அடித்தது நினைவிருக்கும். பந்தியில் இலை எடுக்கிற ஆட்கள் வரவில்லை, அடுத்த பந்திக்கு ஜனம் காத்து நிற்கிறது. உன்னை யாரும் ஏவவில்லை. நீயாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எச்சில் இலைகளைச் சுருட்டிச் சுருட்டிக் கூடையில் போட்டாய். வேகமாக, சுத்தமாக, ஒரு பருக்கை கீழே சிந்தாமல் செய்தாய். அதைப் பார்த்தவுடன் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அத்தனை பேர் முன்னால் கன்னத்தில் அறைந்து, எச்சில் எடுக்கவா உன்னைப் பெற்றேன் என்று கத்தினேன். குடும்ப மானத்துக்காக அடித்தேன் என்று எல்லோரும் நினைத்தார்கள், மெச்சினார்கள்கூட. என் கை என்ன செய்தது என்பதை உன் கையில் பார்த்துவிட்டேன், அதனால் அடித்தேன். நீ அழவில்லை. பசியோடு நிற்கிறார்கள் அப்பா என்று மட்டும் சொன்னாய்.

பள்ளிக்கூடங்களில் இந்தியைக் கட்டாயம் என்று கொண்டுவந்த வருஷங்களில் நீ மேல் வகுப்பு. உனக்குக் கீழே படித்த பிள்ளைகளுக்குத்தான் அது வந்தது, உனக்குத் தப்பிவிட்டது. ஊரே கொதித்தது. சேலத்தில் ஊர்வலம் என்றார்கள். நானும் வண்டி கட்டிக்கொண்டு போய் முன் வரிசையில் நடந்தேன், தொண்டை கட்டக் கத்தினேன். நீ வகுப்பில் எங்க அப்பாவும் போனாங்க என்று பெருமை அடித்தாயாம், உன் வாத்தியார் சொன்னார். இஷ்டமில்லாத பாஷையைச் சின்னப் பிள்ளைகள் வாயில் திணிப்பது தப்பு என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் அதில் மாற்றமில்லை. என்னோடு நடந்தவர்களுக்கு இருந்தது சுத்தமான கோபம். எனக்கு இருந்ததில் பாதி பயம். நம் வீட்டுக்குள் அந்தப் பாஷை புத்தகமாக வந்துவிட்டால், என்றைக்காவது நான் வாய் தவறி ஒரு வார்த்தையைத் திருத்திவிடுவேன் என்று பயந்தேன். தமிழுக்காக நடந்தவர் என்று நீ என்னை நினைத்துக்கொண்டிருந்தால், பாதியைக் கழித்துக்கொள்.

அப்புறம் வந்தது உன் பரீட்சை. மிலிட்டரி சாமான் கிடங்குகளுக்குக் குமாஸ்தா எடுக்கிறார்கள், நாலு தாள், வேலை வடக்கே என்பதால் இந்துஸ்தானித் தாள் கட்டாயம், அதில் பேச்சுப் பரீட்சையும் உண்டு, ஒன்றில் தவறினாலும் வேலை இல்லை என்று கெஜட்டைக் காட்டினாய். மற்ற மூன்று தாளும் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இந்துஸ்தானிதான் மலையாக நின்றது. சனிக்கிழமை தோறும் சேலத்துக்கு வண்டி ஏறி, ஜவுளிக்கடையில் இருந்த வடக்கத்திக் கணக்குப்பிள்ளையிடம் படித்தாய். அவர் பேசியதே வேறு ஏதோ பாஷை என்பது நீ வந்து ஒப்பித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. மீதி நாளெல்லாம் கிணற்றோரத் தென்னை மரத்தடியில் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்துச் சத்தம் போட்டுப் படித்தாய். நான் பத்தடி தூரத்தில் வாய்க்காலுக்கு மடை மாற்றிக்கொண்டிருந்தேன். நீ தப்பாகச் சொன்ன ஒவ்வொன்றும் எனக்கு மண்வெட்டி கல்லில் பட்ட மாதிரி இருந்தது. சரியான வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வரும். மண்ணை வெட்டி மடையில் போடுவேன். ஒரு நாள் நீயே புத்தகத்தை மூடிவிட்டு, இதைப் பேசுகிற ஆள் ஒருத்தர், ஒரே ஒரு மாசம் பக்கத்தில் இருந்தால் பிடித்துவிடுவேன் அப்பா என்றாய். ஆமாம் சாமி, அதுக்கு நாம எங்க போறது என்றேன். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு வேறு பாத்திக்குப் போய்விட்டேன்.

சென்னைக்குப் பரீட்சை எழுத நாம் கிளம்பிய சாயங்காலத்தைச் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லத்தான் கடிதமே. அம்மா கட்டுச்சோறும், பித்தளைப் போசியில் துணி சுற்றிச் சுக்குத் தண்ணீரும் கொடுத்துவிட்டாள். சூரமங்கலம் ஸ்டேஷனில் நம் வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. அப்போது ஒரு மிலிட்டரி ஸ்பெஷல் வந்து நின்றது, எல்லாம் வடக்கத்திச் சிப்பாய்கள். நமக்கு நேராக நின்ற ஜன்னலில் இருந்து ஒருவன் கையை நீட்டி உன்னைக் கூப்பிட்டு ஏதோ கேட்டான். உள்ளே பலகையில் ஒருவன் சுருண்டு படுத்திருந்தான். உனக்கு முகமெல்லாம் சிரிப்பு. பரீட்சைக்கு முன்னால் கடவுளே ஆளை அனுப்பினார் என்று நினைத்திருப்பாய். புத்தகத்தில் உள்ளபடி உங்கள் பெயர் என்ன என்று கேட்டாய். அவன் வேகமாக மறுபடியும் அதையே கேட்டான். நீ, நான் ஒரு மாணவன் என்றாய். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள், கேட்டவன் சிரிக்கவில்லை. மூன்றாவது தடவை அவன் உன்னை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டான். நான் மூட்டையின் முடிச்சு அவிழ்ந்த மாதிரி குனிந்து அதைக் கட்டிக்கொண்டிருந்தேன். முடிச்சு நன்றாகத்தான் இருந்தது. ஸ்பெஷல் கிளம்பிப் போயிற்று. நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

"அப்பா, அவரு என்ன கேட்டாருன்னு ஒண்ணுமே புரியலீங்களே."

"நமக்கெப்படிச் சாமி தெரியும்."

இதுதான் நான் சொன்னது. இதே குரலில்தான் சொன்னேன். ராத்திரி முழுக்க ரயிலில் நீ புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாய். நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். மூன்று தாளில் முதல் வரிசை, இந்துஸ்தானியில் தவறிவிட்டாய். பேச்சுப் பரீட்சையில் அதிகாரி கேட்டதே புரியவில்லை, ஸ்டேஷனில் ஆனது போலவே ஆகிவிட்டது என்று வந்து சொன்னாய். அடுத்த தடவையும் அதே தாள், அதே கதை. அதற்கப்புறம் வயது தாண்டிவிட்டது. இரண்டு தடவை கோட்டை விட்ட பையன் என்று உறவுக்காரர்கள் முன்னால் நானும் உன்னைக் கேலி செய்தேன். அதைப் பொறுக்க முடியாமல்தான் சொல்லாமல் பட்டாளத்துக்குக் கிளம்பிப் போனாய் என்று எனக்குத் தெரியும். போன இடத்திலும் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்கள், பாஷை தெரியுமா என்று. தெரியாது என்றவனை எங்கே அனுப்புவார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும். என் பொய் உன்னை நான் நின்ற அதே தொட்டிக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன் என்றேனே. ரைட்டர் இல்லை, மசால்ச்சி என்று தெரிந்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று இருபத்தைந்து வருஷம் பயந்தவன் நான். அவள் அந்த இடத்தில் கொட்டை எடுப்பதைக்கூட நிறுத்தவில்லை. பருத்தியைக் கீழே வைத்தது வாசிப்பில் உன் தென்னை மரத்தடி வந்தபோதுதான்.

"எனக்குச் சொல்லாட்டிப் போகுதுங்க. அவன் அந்த மரத்தடியில உக்காந்து மாசக்கணக்காக் கத்துனப்ப, பக்கத்துலயே நின்னுட்டு இருந்தீங்களேங்க."

அவ்வளவுதான். அதற்கப்புறம் இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை. மூன்றாம் நாள் நானே சாப்பிட்ட இலையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தபோது, குப்பைக்குழி அந்தப் பக்கம் என்று கை காட்டினாள்.

ராசிபுரத்துக்குப் போய் வந்தோம். போன புதன்கிழமை. பேச்சு முடிகிற வரைக்கும் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். அவர்கள் முடிந்த மாதிரியே எண்ணி, வந்தவுடன் இலை போட்டுவிட்டார்கள். பெண்ணின் அப்பா நல்ல கேலிக்காரர். நீங்களும் ரைட்டர், பையனும் ரைட்டர், உங்க ஊட்டுல ஏர் பிடிக்கறது யாருங்க என்று சிரித்தார். நான் இலையில் உட்காரவில்லை. நின்றுகொண்டே என் கதையைச் சொன்னேன். பஸ்ரா, மெஸ், தட்டு எல்லாம். பெண்ணின் சித்தப்பா பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். உன்னைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, சாமி. அது உன்னுடையது, நான் எடுத்துச் செலவழிக்கக் கூடாது. பெண்ணின் அப்பா எனக்குப் போட்ட இலையை ஓரமாக நகர்த்தி வைத்தார். அப்புறம் கேட்டார்.

"அப்ப பையனும் ரைட்டர்னு சொன்னது?"

"அத அவனே வந்து சொல்லுவானுங்க."

"வரட்டுங்க. வந்து அவன் வாயால சொல்லட்டும். கை நனைக்கறதப் பத்தி அப்பறம் பேசிக்கலாமுங்க."

பசியோடு பஸ் ஏறி வந்தோம். அந்தக் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று எனக்குத் தெரியாது. உன் வழியை நான் அடைத்துவிட்டேனோ என்றும் தோன்றுகிறது. நீ வந்து ரைட்டர் என்றே சொன்னாலும் நான் மறுத்துப் பேச மாட்டேன், அந்த யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் இந்தக் கிழவனை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதைக் காப்பாற்ற நான் பெற்ற பிள்ளையைத் தோற்கவிட்டேன், அறைந்தேன், கேலி செய்தேன். தட்டுக் கழுவினதில் அவ்வளவு பாவம் இல்லை. ஊரில் விஷயம் பரவிவிட்டது. சந்தையில் ஒருவன், மசால்ச்சி வர்றாரு, வழி விடுங்க என்றான். நான் அவன் விட்ட வழியாகவே போனேன். நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை.

தை மாசம் நீ வரும்போது ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். வண்டியில் இருந்து நீ இறங்கியதும் அந்தப் பாஷையிலேயே உன்னோடு பேசலாம் என்று இருக்கிறேன், உனக்கு இப்போது நன்றாகத் தெரிந்திருக்கும். நீ பதில் பேசாவிட்டாலும் சரிதான்.

அன்றைக்கு அந்தச் சிப்பாய் கேட்டது என்ன என்று இத்தனை வருஷத்தில் நீயே எத்தனையோ தடவை யோசித்திருப்பாய். தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், வாய்விட்டுப் படி. "பாய், தோடா கரம் பானி மிலேகா? மேரா சோட்டா பாய் பீமார் ஹை." அண்ணா, கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா, என் தம்பிக்கு உடம்பு முடியவில்லை. இவ்வளவுதான் சாமி. அம்மா கொடுத்த சுக்குத் தண்ணீர்ப் போசி என் காலடியில்தான் இருந்தது, துணிக்குள் சூடு ஆறவில்லை. எச்சில் இலை எடுக்க ஓடின பிள்ளை நீ. ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாய். நம் வண்டி சேலம் எல்லையைக்கூடத் தாண்டியிருக்காது, அதை நான் குடித்தேன்.

உன் அப்பா